காமிரீத்து மக்கள் கட்டிய அரங்கு

கென்யா நாட்டின் தலைநகரான நைரோபியிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தொலைவில், லிமுரு என்னும் பகுதியில் காமிரீத்து என்றொரு கிராமம் இருக்கிறது. மேட்டு நிலம், குளிர், கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. எங்கள் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தவர்கள் கண்டால் இது நம்மூர் போலல்லவா இருக்கிறது என்பார்கள்.

இக்கிராமம் தானாக உருவானதல்ல. 1952 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பிரித்தானிய ஆட்சியினர் கென்யாவில் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தனர். வெள்ளையர் பறித்த காணிகளை மீட்பதற்காகக் காடுகளிலிருந்து போராடிய ‘மாவ் மாவ்’ இயக்கத்தினருக்கு மக்கள் உணவு கொடுப்பார்கள், தகவல் கொடுப்பார்கள் என்ற பயத்தினால், கிகூயு இன விவசாயக் குடும்பங்களைத் தத்தம் வளவுகளிலிருந்து கிளப்பி, காவலும் அகழியும் சூழ்ந்த புதிய குடியிருப்புகளில் வரிசையாகக் கொண்டுபோய் இருத்தினார்கள். இவ்வாறு பெயர்க்கப்பட்டவர்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். ஆண்கள் பலர் தடுப்பு முகாம்களில் இருந்த அதே காலத்தில் காணிகள் மறுபடி அளந்து பதியப்பட்டன. சிலர் திரும்பி வந்தபோது அவர்களுடைய காணி இன்னொருவர் பெயரில் இருந்தது.

1955 இல், பாடசாலை விடுதியிலிருந்து விடுமுறைக்குத் திரும்பிய ஒரு மாணவன் தனது வீட்டைத் தேடினான். வீடு மட்டுமல்ல, அயலும் இல்லை. எல்லாம் இடித்து நிரவப்பட்டிருந்தன. தாயும் உறவினரும் புதிய குடியிருப்பில் இருப்பதாக அறிந்து அங்கே போய்ச் சேர்ந்தான். அந்தக் குடியிருப்புத்தான் காமிரீத்து. அந்த மாணவன் பிற்காலத்தில் உலகம் அறிந்த எழுத்தாளரான கூகி வா தியாங்கோ.

1963 இல் கென்யா சுதந்திரம் பெற்றது. வெள்ளைத் துரைமார் போனார்கள். ஆனால் குடியிருப்புகள் போகவில்லை. தோட்டங்கள் சில உள்ளூர்ப் பணக்காரர் கையிலும் வெளிநாட்டுக் கம்பனிகள் கையிலும் விழுந்தன. காமிரீத்து போன்ற ஊர்கள் அவற்றுக்கு மலிவான கூலி கொடுக்கும் இடங்களாகத் தொடர்ந்தன. 1975 அளவில் இங்கு பத்தாயிரம் பேர் வரை வாழ்ந்தனர். தேயிலை, கோப்பித் தோட்டங்களில் நாட்கூலிகளாக இருந்தோர், சப்பாத்துத் தொழிற்சாலைக்குப் போனோர், கடைகளிலும் பஸ்களிலும் வேலை செய்தோர், ஒரு துண்டு நிலத்தில் மரக்கறி போட்டுப் பிழைத்தோர், எந்த வேலையுமில்லாத இளைஞர் என்று எல்லோரும் கலந்திருந்தனர்.

இந்த மக்கள் 1977 இல் ஒரு நாடகம் போட்டார்கள். அதை ஏன் இவ்வளவு காலம் கழித்து இச்சஞ்சிகையில் எழுத வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். நாடகம் பார்த்து மக்கள் திருந்தினார்கள் என்ற வழக்கமான கதை இதுவல்ல. நாடகத்தைச் செய்ததினால் அதைச் செய்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதே இங்கு விளங்கிக்கொள்ள வேண்டியது.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள்

1976 இல் கூகி நைரோபிப் பல்கலைக்கழகத்தில் இலக்கியத் துறைத் தலைவராக இருந்தார். ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதிப் பெயர் பெற்றவர். லிமுருவில் வசித்து, தினமும் காரில் நகரத்துக்குப் போய் வருவார். ஞாயிறன்று மட்டுமே வீட்டில் நிற்பார். ஒரு ஞாயிறு காலையில் காமிரீத்துவைச் சேர்ந்த ஒரு பெண் அவரிடம் வந்தாள். நிறையப் படித்திருக்கிறீர்கள், அதில் கொஞ்சத்தையும் உங்கள் நேரத்தில் கொஞ்சத்தையும் ஊருக்குத் தந்தாலென்ன என்று கேட்டாள். ஊரிலுள்ள இளைஞர் நிலையம் பாழடைந்து கிடக்கிறது, அதை எழுப்ப ஆள் வேண்டும் என்றாள். யோசிக்கிறேன் என்று அவர் அனுப்பிவிட்டார். அடுத்த ஞாயிறும் வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். நான்காம் முறையும் அதே வேண்டுகோள்.

அந்தப் பெண்ணின் பெயர் பெரிதாக எங்கும் பேசப்படுவதில்லை. ஆனால் எல்லாம் தொடங்கியது அவளுடைய பிடிவாதத்தினாலேதான். படித்தவர் ஒருவர் கிராமத்தைத் தேடிப் போகவில்லை. கிராமமே படித்தவரின் வாசலுக்குப் போய்த் தனக்கு வேண்டியதைக் கேட்டது. வெளியிலிருந்து வரும் திட்டங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும்.

காமிரீத்து சமூகக் கல்வி கலாசார நிலையம் இவ்வாறு உயிர் பெற்றது. நிர்வாகக் குழுவில் பெரும்பாலானோர் விவசாயிகளும் தொழிலாளருமே. கலாசாரப் பணிக்குக் கூகியும், கல்விப் பணிக்குக் கூகி வா மிரீ என்னும் வேறொரு கூகியும் பொறுப்பேற்றனர். வா மிரீ வளர்ந்தோர் கல்வியில் ஈடுபாடு கொண்டவர். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெயரேயின் வழியில் எழுத்தறிவு வகுப்பு நடத்தினார். ‘அம்மா, ஆடு, இலை’ என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் வளர்ந்தவர்களுக்குச் சொல்லாமல், அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களை, அவர்கள் அன்றாடம் படும் பாட்டோடு சேர்த்துப் பேசி, பிறகு எழுதிப் பழக்குவது அம்முறை. நமது நாட்டிலும் கிராமியப் பணியில் ஈடுபட்ட குருமாரும் கன்னியரும் இம்முறையை அறிவர்.

பிரதியைத் திருத்தியவர்கள்

வகுப்பைத் தொடர்ந்து நாடகம் வந்தது. இரண்டு கூகிமாரும் சேர்ந்து கிகூயு மொழியில் ஒரு நாடகப் பிரதியை எழுதி 1977 ஏப்ரலில் ஊரார் முன் வைத்தனர். ‘எனக்கு விருப்பமான நேரம் கலியாணம் முடிப்பேன்’ என்பது அதன் தலைப்பின் பொருள். இது முடிந்த பிரதி என்று அவர்கள் சொல்லவில்லை. வாசித்துக் காட்டினார்கள், பிழை சொல்லுங்கள் என்றார்கள். மக்கள் தயங்காமல் பிழை சொன்னார்கள்.

முதலில் மொழி. பேராசிரியரின் கிகூயு சரியில்லை என்று கிழவர்கள் சொல்லிவிட்டனர். முதியவர் ஒருவர் முதியவரைப் போலல்லவா பேச வேண்டும், பழமொழி எங்கே, மரியாதை எங்கே என்று ஒவ்வொரு வாக்கியமாகத் திருத்தினர். திருமணச் சடங்கோடு வரும் ‘கீதீரோ’ என்னும் பாட்டுப் பகுதியை எழுத வாசிக்கத் தெரியாத ஒரு விவசாயப் பெண் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொண்டனர். பல்கலைக்கழக ஆசிரியர் கையில் பேனையுடன் இருக்க, கையெழுத்துப் போடத் தெரியாத பெண் பாடம் சொல்லும் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது கணக்கு. தொழிற்சாலை வாழ்க்கையை நாடகத்தில் சொல்ல வேண்டியிருந்தபோது, அங்கு வேலை செய்தவர்களே விபரம் சேகரித்தனர். ஒரு நாளில் எவ்வளவு பொருள் செய்கிறோம், அதன் விலை என்ன, எங்கள் கைக்கு வருவது எவ்வளவு என்று கணக்குப் போட்டு அதை வசனமாக்கினார்கள். பல வருடம் வேலை செய்தும் அவர்கள் அந்தக் கணக்கைச் சேர்ந்திருந்து பார்த்ததில்லை. கூத்துக்கென்று பார்த்த கணக்கு வாழ்க்கைக் கணக்காகிவிட்டது.

மாவ் மாவ் காலத்தை நடிக்கத் துவக்குகள் தேவைப்பட்டன. பொய்த் துவக்குகளைச் செய்து கொடுத்தவர்கள், ஐம்பதுகளில் போராளிகளுக்கு மெய்த் துவக்குகளைச் செய்தவர்களேதான். எங்கும் வெளியில் சொல்ல முடியாதிருந்த நினைவுகளைச் சொல்ல ஒரு சாட்டுக் கிடைத்தது.

ஒத்திகை மறைவில் நடக்கவில்லை. மாலை வேளைகளிலும் வார இறுதியிலும் திறந்த வெளியில் நடந்தது. யாரும் வந்து பார்க்கலாம், சொல்லலாம். வேலி ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு வசனம் பாடமாகிவிட்டது. நடிகர் தடுமாறினால் பின்னாலிருந்து யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். சாதாரணமாக நாங்கள் நல்ல நடிகனைப் பார்த்து, இது பிறவியிலே வந்த வரம் என்று நினைத்துவிடுகிறோம். அவன் முதல் நாள் எப்படித் தடுமாறினான் என்பதை எங்களுக்கு யாரும் காட்டுவதில்லை. காமிரீத்துவில் எல்லோரும் அதைக் கண்டார்கள். நேற்று வாய் திறக்க வெட்கப்பட்ட அயல்வீட்டுப் பெண் இன்று இரண்டு வரி பேசுகிறாள், அடுத்த மாதம் மேடையை நிறைக்கிறாள். அப்படியானால் என்னாலும் முடியும் என்ற எண்ணம் பார்த்தவர்களுக்கும் வந்தது. எனது அபிப்பிராயத்தில் முழு முயற்சியிலும் பெறுமதியானது இதுவே.

தீக்குச்சி வரைபடம்

நிலையத்துக்கு ஒதுக்கப்பட்ட காணி நான்கு ஏக்கர். அதிலிருந்தது இடிந்து விழும் நிலையில் நான்கு அறை கொண்ட ஒரு மண் கட்டடம் மட்டுமே. மீதி புல். நாடகம் போட அரங்கு வேண்டும். கட்டடக் கலைஞரையும் கொந்தராத்துக்காரரையும் தேட அவர்களிடம் பணமில்லை. ஊரவர் சிலர் நிலத்தில் குந்தியிருந்து தீக்குச்சிகளை அடுக்கி, மேடை இங்கே, ஆசனம் இங்கே, உடைமாற்றும் அறை இங்கே என்று திட்டம் போட்டனர். பின்பு சிறிய மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தனர். அதை வைத்துத் தங்கள் கையாலேயே இரண்டாயிரம் பேர் இருக்கக்கூடிய திறந்தவெளி அரங்கைக் கட்டி முடித்தனர்.

இருபது வருடத்துக்கு முன் இதே மக்கள், காவலுக்கு ஆள் நிற்க, தங்களையே அடைத்து வைக்கும் குடியிருப்பைக் கட்டியவர்கள். இப்போது தாமாக விரும்பி ஒன்றைக் கட்டினார்கள்.

ஒன்றரை ஏக்கர் உறுதி

நாடகத்தின் கதையை இங்கு சொல்லாமல் விட முடியாது. கிகூண்டா என்பவன் பண்ணைக் கூலி. அவனுக்குச் சொந்தமென்று இருப்பது ஒன்றரை ஏக்கர் காணி. அதன் உறுதியைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான். அவனுடைய முதலாளி கியோயி பெரும் பணக்காரர், ஆலயத்தில் முக்கியஸ்தர். வெளிநாட்டவரோடு கூட்டுச் சேர்ந்து பூச்சிநாசினித் தொழிற்சாலை அமைக்க அவருக்கு அந்த ஒன்றரை ஏக்கர் வேண்டும். முதலாளியும் மனைவியும் கிகூண்டாவின் வீட்டுக்கு வந்து, நீங்கள் பழைய முறைப்படி முடித்த கலியாணம் பாவம், கோவிலில் முறையாக முடியுங்கள் என்று புத்தி சொல்கிறார்கள். செலவுக்குப் பணம்? உறுதியை வங்கியில் ஈடு வை, சம்பளத்திலிருந்து கட்டலாம் என்கிறார்கள். தன் மகளை முதலாளியின் மகன் முடிக்கப் போகிறான் என்று நம்பிய கிகூண்டா சம்மதிக்கிறான். மகன் அந்தப் பிள்ளையைக் கெடுத்துக் கைவிடுகிறான். நியாயம் கேட்கப் போனவனுக்குக் காயமும் வேலை நீக்கமும். கடன் கட்ட முடியாமல் காணி ஏலத்துக்கு வருகிறது. ஏலத்தில் எடுப்பவர் கியோயி.

திருச்சபை சார்ந்த ஒரு சஞ்சிகையில் இதை எழுதும்போது எமக்குச் சங்கடமில்லை என்று சொல்ல முடியாது. வேதத்தை வாயில் வைத்துக்கொண்டு ஏழையின் காணியில் கண் வைக்கும் பாத்திரத்தைக் கண்டு அன்று கென்யாவில் சபையைச் சேர்ந்தவர்கள் சிலர் கோபித்ததும் உண்டு. ஆனால் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாப் அரசன் எடுத்த கதை எங்கள் வேதத்திலேயே இருக்கிறது. நாடகத்தில் அந்த முதலாளியின் பெயரே ஆகாப் கியோயி, மனைவியின் பெயர் யேசபேல். மக்கள் வேதத்தை நன்றாகவே வாசித்திருந்தார்கள். இடம்பெயர்ந்து வந்து, உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்திருக்கும் எமது வாசகர்களுக்குச் சுவரில் தொங்கிய அந்தத் தாளின் பாரத்தைச் சொல்லத் தேவையில்லை.

1977 ஒக்டோபர் 2 ஆந் திகதி முதல் மேடையேற்றம். பஸ்களை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு தூர இடங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒரு ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. சனங்கள் ஓடிப்போய் மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் ஒதுங்கினர். மழை விட்டதும் பழையபடி வந்து இருந்தனர். அன்று மட்டும் மூன்று தரம் இவ்வாறு தடைப்பட்டது. எவரும் வீட்டுக்குப் போகவில்லை.

பிறகு நடந்தவை

நவம்பர் 16 ஆந் திகதி அரசாங்கம் அனுமதியை மீளப் பெற்றது. நாடகம் ஆறு வாரங்களுக்குச் சற்று மேல்தான் நடந்தது. அவ்வருடக் கடைசி நாள் அதிகாலையில் கூகி கைது செய்யப்பட்டார். வழக்கில்லை, விசாரணையில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் சிறையில் இருந்தார். அங்கே மலசலகூடக் கடதாசியில் கிகூயு மொழியில் ஒரு நாவலை எழுதினார். அது தமிழிலும் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்ற பெயரில் வந்திருக்கிறது. விடுதலையான பின் பல்கலைக்கழகப் பதவி திரும்பக் கிடைக்கவில்லை.

ஆங்கிலத்தில் அவர் எழுதிய நாவல்கள் இதைவிடக் கடுமையாகவே ஆட்சியாளரைக் கண்டித்திருந்தன. அவற்றுக்காக எவரும் அவரைப் பிடிக்கவில்லை. தேயிலை பறிப்பவர்களும் சப்பாத்துத் தைப்பவர்களும் தங்கள் மொழியில், தாங்கள் கட்டிய மேடையில், தங்கள் கணக்கைச் சொன்னபோதுதான் அரசு விழித்துக்கொண்டது.

மக்கள் விடவில்லை. 1981 இன் கடைசியில் இன்னொரு நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கினர். 1930 களில் கூலிகள் பட்ட பாட்டைச் சொல்லும் இசை நாடகம் அது. இம்முறை நைரோபியிலுள்ள தேசிய அரங்கில் போட எண்ணினார்கள். 1982 பெப்ரவரியில் அங்கே போனபோது கதவு பூட்டப்பட்டிருந்தது. பல்கலைக்கழக மண்டபத்தில் ஒத்திகையைத் தொடர்ந்தனர். ஒத்திகையைப் பார்க்கவே ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது. அதுவும் நிறுத்தப்பட்டது. மார்ச் மாதத்தில் நிலையத்தின் பதிவு இரத்துச் செய்யப்பட்டு, மூன்று லொறிகளில் வந்த ஆயுதப் பொலிசார் காமிரீத்து அரங்கை இடித்துத் தரைமட்டமாக்கினர். அவ்வருடமே மூன்று பேர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. வா மிரீயும் நாடகத்தை நெறிப்படுத்திய கிமானி கெசாவுவும் சிம்பாப்வேக்குப் போய் அங்குள்ள கிராமங்களில் இதே பணியைத் தொடர்ந்தனர். கூகி 2004 வரை திரும்பி வந்து தாய்நாட்டில் கால் வைக்க முடியவில்லை.

இப்படியிருக்க, வாழ்க்கை மாறியது என்று எப்படிச் சொல்வது? கூலி உயரவில்லை. பறிபோன காணி எதுவும் திரும்பவில்லை. கட்டிய அரங்கும் போயிற்று. இதை மறைத்துக் கலையின் மகிமையைப் பாடினால் அது ஏமாற்று. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கூகிக்கு உலகெங்கும் பெயர் இருந்தது, அவருக்காகக் குரல் கொடுக்க வெளிநாடுகளில் ஆட்கள் இருந்தனர். மறுநாள் காலையில் அதே தோட்டத்துக்கு வேலைக்குப் போக வேண்டிய கூலிப் பெண்ணுக்கு யார் இருந்தார்கள்? ஊர் மக்களை மேடையேற்ற முனையும் எவரும், நாங்களும் சேர்த்துத்தான், இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை ஆபத்தைச் சுமப்பவர்களுக்கே உண்டு.

எனினும் சில மாற்றங்கள் நடந்தன என்பதும் உண்மை. தாங்கள் எதுவும் அறியாதவர் என்று எண்ணியிருந்தவர்கள் மொழியில், பாட்டில், சரித்திரத்தில் தாங்களே ஆசிரியர் என்று கண்டுகொண்டனர். சேர்ந்து ஒரு பெரிய வேலையைத் திட்டமிட்டு, காசு சேர்த்து, கணக்கு வைத்து முடித்தார்கள். வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து, எங்கள் ஊரிலும் இப்படியொன்று தொடங்குவது எப்படி என்று கேட்டுப் போனார்கள். கற்பிக்க வந்த பேராசிரியரும் மாறினார். அதன் பின் நாவலென்றும் நாடகமென்றும் அவர் எழுதியவை கிகூயு மொழியிலேயே அமைந்தன.

எங்களிடம் என்ன குறை?

எங்களுக்குக் கூத்துப் புதிதல்ல. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுகிறவர்கள் தோட்டத் தொழிலாளரே. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரங்களிலும் கத்தோலிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடி வருகிறார்கள். 1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ யாழ்ப்பாணத்தில் ஊர் ஊராகப் போய் ஆடப்பட்டதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

குறை வேறிடத்தில். இடம்பெயர்ந்தோர் மத்தியில் நடந்த ‘விழிப்புணர்வு’ வீதி நாடகங்கள் எத்தனையையோ நாம் கண்டிருக்கிறோம். பிரதி நகரத்துக் காரியாலயமொன்றில் எழுதப்பட்டிருக்கும். மலேரியா வராமல் நுளம்பு வலை போடுங்கள், கிணற்றைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று நல்ல விடயம்தான். வான் வரும், நடிகர் இறங்குவர், அரை மணித்தியாலத்தில் படம் எடுத்துக்கொண்டு ஏறிப் போய்விடுவர். கிணற்றை நாற்பது வருடம் இறைத்த கிழவரிடம் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

அவரிடம் கேட்பதிலிருந்து தொடங்கலாம். விட்டு வந்த ஊரில் எந்த வயலுக்கு எந்த வாய்க்காலால் தண்ணீர் பாய்ந்தது, எந்த மாதம் எந்த நெல் விதைத்தோம், எல்லைக்கு நின்ற மரம் எது என்பவற்றை, அங்கே பிறக்காத பிள்ளைகளுக்கு முன்னால் நான்கு பேர் செய்து காட்டட்டும். ஒருவர் பிழை விட்டால் மற்றவர் திருத்துவார், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். செலவு ஒன்றுமில்லை. மேடையுமின்றி, வரவேற்புரையுமின்றி ஒரு மரத்தடி போதும்.

காமிரீத்துவில் அரங்கிருந்த இடத்தில் பின்னர் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் எழும்பியது. கூகி வா தியாங்கோ 2025 மே 28 ஆந் திகதி அமெரிக்காவில் காலமானார். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு, 2022 மே மாதத்தில், கிகூண்டாவின் கதை கிகூயு மொழியிலும் ஆங்கிலத்திலும் நைரோபியில் மேடையேறியது. போட்ட இடம் தேசிய அரங்கு, 1982 இல் காமிரீத்து மக்கள் பூட்டிய கதவுக்கு வெளியே நின்ற அதே இடம்.